தகர ரயிலின் வர்ணமும் யந்திரமும்

ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ எண்பது, தொண்ணூறு வருஷங்கள் பரணில் கிடந்த தகர ரயில் எஞ்சின் ஒன்று வெளிச்சத்துக்கு வரும்போதெல்லாம், அதைக் கையில் வாங்கியவர் முன்னால் ஒரு பழைய வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வந்துவிடுகிறது. உரிந்த வர்ணத்தை அடியோடு சுரண்டி எடுத்துவிட்டு, தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் இருந்தது போலவே அதைப் பளபளக்கச் செய்ய வேண்டும் என்பார் ஒரு சாரார்; துரும்பளவும் மாற்றாமல் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும் என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் அந்தப் பொருளின் மேல் உள்ள அபிமானத்தினாலேயே பேசுகிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் இரண்டு கட்சியும் பாதி நியாயத்தையே பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பது என் அபிப்பிராயம். அதற்கான ஆதாரம் அந்த ரயில்கள் எப்படிப் பிறந்தன, எதனால் ஆனவை, எவ்வாறு ஓடின என்ற சரித்திரத்திலேயே இருக்கிறது.

முதலில் தகரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெல்லிய இரும்புத் தகட்டின் இருபுறமும் வெள்ளீயம் படியச் செய்ததே தகரம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைப் பார்த்து வளர்ந்த நம்மவர்களுக்கு இதன் தத்துவத்தை விஸ்தரித்துக் கூற வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் தொழிலுக்குத் தலைநகரமாக விளங்கியது தெற்கு வேல்ஸ். அங்குள்ள லனெல்லி நகரத்துக்குத் தகர நகரம் என்றே பட்டப்பெயர் வழங்கிற்று. கத்தரியால் வெட்டவும், கையால் மடிக்கவும், பற்றாசு வைத்து இணைக்கவும் இசைந்து கொடுக்கும் இந்தத் தகட்டுக்கு ஒரு பலவீனமும் உண்டு. துத்தநாகம் பூசிய இரும்பில் கீறல் விழுந்தால் துத்தநாகம் முதலில் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். வெள்ளீயமோ, பூச்சு முழுமையாக இருக்கும் வரையில்தான் காவல் செய்யும், கீறல் விழுந்து ஈரமும் சேர்ந்துவிட்டால், அந்த இடத்தில் இரும்பு துருப்பிடிப்பதைத் துரிதப்படுத்தவே செய்யும். தகர ரயிலில் வர்ணப் பூச்சு வெறும் அலங்காரம் அன்று, உலோகத்தின் கவசமும் அதுவே என்பதை இதனால் அறியலாம்.

ஜெர்மனியின் தென்பகுதியிலுள்ள கொப்பிங்கன் என்ற ஊரில், தியோடோர் ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் மெர்க்லின் என்னும் தகர வேலைக்காரர் 1859-இல் பொம்மை வீடுகளுக்கான சின்னஞ்சிறு சமையல் பாத்திரங்களைச் செய்து விற்க ஆரம்பித்தார். 1866-இல் அவர் காலமானார். அவருடைய மனைவி கரோலின், பெண்கள் வியாபார நிமித்தம் ஊர் ஊராகப் பிரயாணம் செய்வது வழக்கமில்லாத அந்தக் காலத்தில், மாதிரிச் சரக்குகளைத் தாமே எடுத்துச் சென்று கடைக்காரர்களிடம் காட்டி அந்தச் சிறு தொழிலைக் காப்பாற்றினார். 1888-இல் பிள்ளைகள் பொறுப்பேற்றார்கள். 1891-இல் எல்வாங்கன் நகரத்து லுட்ஸ் என்ற பொம்மைத் தொழிற்சாலையை, அதன் அனுபவமிக்க கைவினைஞர்களோடு சேர்த்து வாங்கினார்கள். அதே வருஷம் லைப்சிக் நகரின் வசந்தகாலச் சந்தையில் மெர்க்லின் ஸ்தாபனம் காட்சிக்கு வைத்த பொருள்தான், விளையாட்டு ரயிலின் சரித்திரத்தையே இரண்டாகப் பிரித்துவிட்டது.

பொம்மை ரயில்கள் அதற்கு முன்பும் இருந்தன. தரையில் இழுத்து விளையாடியவை, சாவி கொடுத்தால் ஓடியவை, ஸாராயம் எரித்து நீராவியில் நகர்ந்தவை என்று பலவகை. ஆனால் அவை ஒவ்வொன்றும் தனிப்பட்ட பொம்மை. வாங்கிய அன்றோடு வியாபாரம் முடிந்துவிடும். மெர்க்லின் கொண்டுவந்ததோ ஓர் அமைப்பு. தண்டவாளத்தின் அகலங்களை 1, 2, 3 என்று எண்ணிட்டு நிர்ணயித்து, நேர்த்துண்டு, வளைதுண்டு, பாதை பிரியும் துண்டு, குறுக்கே கடக்கும் துண்டு என்று தனித்தனியே விற்று, எட்டு என்ற எண்ணின் வடிவில் பாதை போட்டுக் காட்டியபோது, இந்த வருஷம் எஞ்சினும் இரண்டு பெட்டிகளும் வாங்கிய குழந்தைக்கு அடுத்த பண்டிகைக்குச் சரக்குப் பெட்டியும், அதற்கு அடுத்ததற்கு ஸ்டேஷனும், கைகாட்டியும், சுரங்கமும் வாங்கித் தரலாம் என்ற ஏற்பாடு பிறந்துவிட்டது. பின்னால் 1-ஐவிடச் சிறிய அகலம் தேவைப்பட்டபோது அதற்கு 0 என்ற எண்ணைக் கொடுத்தார்கள். தண்டவாளங்களுக்கு இடையே 32 மில்லிமீட்டர் இருக்கும் இந்த 0 அகலமே, தகர ரயிலின் பொற்காலத்தில் உலகெங்கும் பெரும்பாலான வீடுகளில் ஓடியது. சேகரிப்பவர் என்ற மனிதரை உண்டாக்கியது பிற்காலத்து ஏலக் கடைகள் என்று பலர் எண்ணுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முடிவு பெறாத ஒரு பொருளை விலைக்குக் கொடுத்து, மிச்சத்தைத் தேடிக்கொண்டே இருக்கச் செய்த அந்த லைப்சிக் சந்தையிலேயே அவர் பிறந்துவிட்டார்.

மெர்க்லினுக்குப் போட்டியாக நூரம்பர்க் நகரம் ஒரு சேனையையே நிறுத்தியது. இக்னாஸ், அடால்ஃப் என்ற பிங் சகோதரர்கள் 1860-களில் பாத்திர வியாபாரமாக ஆரம்பித்தது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகத்தின் மிகப்பெரிய பொம்மைத் தொழிற்சாலைகளுள் ஒன்றாக வளர்ந்திருந்தது. ஜார்ஜ் காரெட் என்ற பிரெஞ்சுக்காரர் அதே ஊரில் நடத்திய தொழிற்சாலை, முதல் உலக யுத்தத்தில் தம் நாடும் தொழில் செய்த நாடும் பகைநாடுகளாகிவிட்டதால், 1917-இல் மூடப்பட்டது. இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் நகரத்து பாஸெட் லோக் என்பவர் 1900-ஆம் வருஷத்துப் பாரிஸ் கண்காட்சியில் ஜெர்மானியர்களின் கைத்திறனைக் கண்டு வியந்து, இங்கிலாந்து ரயில்களின் உருவத்திலும் வர்ணத்திலும் எஞ்சின்களைச் செய்து தரும்படி பிங் ஸ்தாபனத்தோடு ஏற்பாடு செய்துகொண்டார். ஹென்ரி கிரீன்லி என்ற பொறியியல் நிபுணர் வரைந்து கொடுக்க, நூரம்பர்க் செய்து அனுப்ப, ஆங்கிலக் குழந்தைகள் தங்கள் நாட்டு ரயிலென்று நம்பி விளையாடினார்கள்.

அந்த ரயில்களின் மேற்பூச்சு இரண்டு விதம். ஒன்று கைவர்ணம்: தகட்டை வெட்டி, மடித்து, பற்றவைத்து உருவம் முடிந்த பிறகு எனாமல் பூசி, சூளையில் உலர்த்தி, நுண்ணிய தூரிகையால் கோடிட்டு, மேலே வார்னிஷ் கொடுப்பது. மெர்க்லினின் மேலான வேலைகள் இவ்வகை. மற்றொன்று கல்லச்சு: தகடு தட்டையாக இருக்கும்போதே ஒவ்வொரு நிறமாக அதன்மேல் அச்சிட்டு, பிறகு வெட்டி மடிப்பது. கடினமான கல்லிலிருந்து கடினமான உலோகத்தில் நேராக அச்சு விழாது. இடையே அட்டை போர்த்த உருளை ஒன்றை வைத்து, கல் அதிலும், அது தகரத்திலும் பதியுமாறு செய்யும் முறைக்கு ராபர்ட் பார்க்ளே என்ற ஆங்கிலேயர் 1875-இல் காப்புரிமை பெற்றார். எஞ்சினின் பக்கவாட்டில் தெரியும் ஆணித்தலைகளும், பெட்டியின் ஜன்னலுக்குள் தெரியும் திரைகளும், கதவின் நிழலும் இப்படி அச்சானவையே. பிறகு எந்த இடத்தில் மடிப்பு விழும், எந்த வளைவில் கோடு நெளியும் என்பதை முன்கூட்டியே உணர்ந்து தட்டையான தாளில் வரைந்த அந்தச் சித்திரக்காரர்களின் பெயர்களில் பெரும்பாலானவை எங்கும் எழுதப்படவில்லை. அந்தக் கற்களும் அச்சுகளும் பெரும்பாலும் அழிந்துவிட்டன. எனவே கல்லச்சு ரயில் ஒன்றின் மேற்பரப்பைச் சுரண்டுகிறவர், ஒரு சித்திரத்தின் எஞ்சிய பிரதிகளில் ஒன்றை அழிக்கிறார்.

முதல் யுத்தம் ஜெர்மானியப் பொம்மைகளுக்கு இங்கிலாந்தில் கதவை அடைத்தது. அந்த இடத்தில் வந்தவர் லிவர்பூல் நகரத்து ஃபிராங்க் ஹார்ன்பி. துளையிட்ட உலோகப் பட்டைகளையும் திருகாணிகளையும் கொண்டு குழந்தைகள் தாமே யந்திரங்களைக் கட்டி விளையாடும் மெக்கானோவுக்கு 1901-இல் காப்புரிமை பெற்ற அவர், 1920-இல் வெளியிட்ட முதல் ரயிலையும் அதே மனப்பாங்கில் செய்தார்: எஞ்சினின் பாகங்களைத் திருகாணியால் இணைத்திருந்தார், குழந்தை கழற்றலாம், திரும்பப் பூட்டலாம். ஓட்டுநர் அறையின் பக்கத்தில் 2710 என்ற எண் பொறித்த பித்தளைத் தகடு ஒன்று. கழற்றுவதற்கென்றே செய்த பொருள் என்ற இந்தச் செய்தி, பழுதுபார்ப்பதையே பாவமென்று கருதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது. ஹார்ன்பி ரயில்களின் சிகரம் 1937-இல் வந்த பிரின்சஸ் எலிஸபெத். அந்தப் பெயர் கொண்ட உண்மையான எஞ்சின் 1936 நவம்பரில் லண்டனிலிருந்து கிளாஸ்கோ வரை 401 மைல் தூரத்தையும் இடையில் நிற்காமல் ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகவே கடந்தது. அந்தப் புகழின் சூட்டிலேயே, மரப்பெட்டியோடு ஐந்து கினி விலையில், 20 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் தகர எலிஸபெத் விற்பனைக்கு வந்தது. அதை வாங்கித் தரக்கூடிய தகப்பன்மார் அன்று மிகச் சிலரே.

அமெரிக்காவின் கதை வேறு. நியூயார்க்கில் ஜோஷுவா லயனல் கோவன் 1900-ஐ ஒட்டிச் செய்த முதல் மின்சார வண்டி, கடைக் கண்ணாடிக்குள் சரக்கைச் சுமந்து சுற்றி வேடிக்கை காட்டுவதற்கானது. வந்தவர்கள் சரக்கை விட்டுவிட்டு வண்டியையே விலைக்குக் கேட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. 1906-இல் அவருடைய லயனல் கம்பெனி, இரண்டே கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த அகலத்தில் மூன்று தண்டவாளம் கொண்ட பாதையை வெளியிட்டு, அதற்கு ஸ்டாண்டர்ட் என்று தானே பெயரும் சூட்டிக்கொண்டது. நடுத் தண்டவாளத்தில் மின்சாரம் வந்து, இரண்டு ஓரத் தண்டவாளங்கள் வழியே திரும்பிச் செல்லும். உண்மை ரயிலில் இல்லாத மூன்றாவது தண்டவாளம் கண்ணுக்கு உறுத்தலே; ஆனால் பாதை தன்மேலேயே வளைந்து திரும்பிச் சேரும் இடத்திலும் எதிரெதிர் மின்முனைகள் முட்டிக்கொள்ளாத சௌகரியம் அதனால் கிடைத்தது. குழந்தை தன் மனம்போல் பாதை போட்டாலும் ரயில் ஓடிற்று.

பிறகு வந்தவை கெட்ட காலங்கள். பொருளாதார மந்தத்தில் ஐவ்ஸ் என்ற பழைய அமெரிக்க ஸ்தாபனமும், 1930-களின் ஆரம்பத்தில் பிங்கும் மறைந்தன. இரண்டாம் யுத்தத்தில் உலோகம் முழுவதும் படைக்கலத்துக்குப் போயிற்று. 1943-இல் லயனல் விற்றது அட்டையில் வெட்டி ஒட்டும் காகித ரயில். 1935-இல் ஜெர்மனியில் தோன்றியிருந்த 16.5 மில்லிமீட்டர் சிறு ரயில்கள், யுத்தம் முடிந்து வீடுகள் சுருங்கியதும் பெருகின. பிளாஸ்டிக் வந்ததும் தகரத்தின் காலம் முடிந்தது. 1964-இல் ஹார்ன்பியின் மெக்கானோ கம்பெனி கைமாறியது. அமெரிக்காவில் 1954-இலும் இங்கிலாந்தில் 1969-இலும் சேகரிப்போர் சங்கங்கள் ஏற்பட்டன. குழந்தைகள் வளர்ந்து, இழந்ததைத் தேடத் தொடங்கியிருந்தார்கள்.

இனி எடுத்துக்கொண்ட வழக்குக்கு வரலாம். சாவி கொடுத்து ஓடும் ஹார்ன்பி எஞ்சின் ஒன்றைத் திறந்து பார்ப்போம். சாவியின் துளையில் விரலை வைத்தால் பிசுபிசுக்கும். எவரோ பல வருஷங்களுக்கு முன் தாராளமாக விட்ட எண்ணெய் அது, தூசியோடு கலந்து அரக்குப் போல் இறுகியிருக்கும். மேற்கூட்டைக் கழற்றும் முன் சுருள்வில்லின் முறுக்கை முழுவதும் அவிழ்த்துவிட வேண்டும். முறுக்கோடிருக்கும் வில் விடுபட்டால் விரலைக் கிழித்துவிடும். திருகாணி உள்ளவற்றில் கழற்றுவது சுலபம். பின்னால் வந்த மலிவான வகைகளிலோ, ஒரு தகட்டின் நாக்கு மற்றொரு தகட்டின் துளையில் நுழைந்து மடிந்திருக்கும். அந்த நாக்கு நிமிர்த்தி மடக்குவதை ஓரிரு தடவைதான் பொறுக்கும்; அதற்கு மேல் முறிந்துவிடும். முறிந்தால் பற்றாசு வைக்க வேண்டிவரும், பற்றாசின் சூடு பக்கத்திலுள்ள வர்ணத்தைப் பொசுக்கிவிடும். ஆகவே அவசியமில்லாமல் கூட்டைப் பிரிக்காமலிருப்பதே உத்தமம்.

கூட்டிலிருந்து பிரித்தெடுத்த யந்திரத்தை மட்டும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் பல்சக்கரங்களின் இடுக்குகளைச் சுத்தம் செய்து, உலர்த்தி, ஒவ்வோர் அச்சின் முனைக்கும் கடிகார எண்ணெய் ஒரு துளி, சுருள்வில்லுக்குக் கொஞ்சம் கிரீஸ், அவ்வளவே. சாவி திரும்பி ஓடாமல் தடுக்கும் சிறு தாழின் முனை தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது நழுவினால் சாவி கையிலேயே திருப்பி அடிக்கும். எண்பது வருஷம் உறங்கிய யந்திரமும் அநேகமாக இந்த உபசாரத்துக்கே இணங்கிவிடுகிறது. வில் உடைந்திருந்தால் புதிது போடலாம். அதனால் அந்த எஞ்சினின் சுபாவம் மாறுவதில்லை, ஏனென்றால் வில் தேயும், மாற்ற வேண்டிவரும் என்று எண்ணியே செய்தவர்களும் செய்தார்கள்.

வர்ணத்தில் இந்த நியாயம் செல்லாது. ஈரம் அதிகமில்லாத மெல்லிய துணியால் அழுக்கை ஒற்றி எடுத்து, உடனே உலர்த்தி, மெழுகை மெல்லியதாகப் பூசினால் போதும். வினிகரோ, கரைப்பான்களோ, உப்புத்தாளோ அதன் அருகில் வரக் கூடாது. பழைய வர்ணங்களில் காரீயம் இருப்பது சாதாரணம் என்பதால், உப்புத்தாளில் தேய்ப்பவர் தம் சுவாசத்தையும் கெடுத்துக்கொள்கிறார். சிராய்ப்பும் மங்கலும் குறைகள் என்று நினைப்பதே தவறு. கூரையின் ஒரே இடத்தில் வர்ணம் தேய்ந்திருந்தால், அங்கேதான் ஒரு குழந்தையின் கட்டைவிரல் பதிந்து பதிந்து எஞ்சினைத் தூக்கியது என்று அறிகிறோம். ஏலங்களில் தேய்ந்த மூலவர்ணத்துக்கு, புதிதாகப் பூசிய பளபளப்பைவிட அதிக விலை கிடைப்பது வியாபாரிகளின் சூழ்ச்சி அன்று, நியாயமான மதிப்பீடு. ஏற்கெனவே முந்தியவர்கள் பூசிக் கெடுத்துவிட்ட எஞ்சினுக்கும், துரு மட்டுமே மிஞ்சிய எஞ்சினுக்கும் புதிதாக வர்ணம் பூசலாம் என்றே நான் சொல்லுவேன். அப்போதும் செய்தவரின் பெயரையும் வருஷத்தையும் கூட்டின் உட்புறத்தில் எழுதிவைக்க வேண்டும். எழுதாமல் விட்டால், இன்று அன்போடு செய்த வேலை நாளைக்கு எவர் கையிலோ மோசடிப் பொருளாக மாறிவிடும்.

இடைநிலையில் நிற்பது சக்கரம். 1930-களில் சக்கரங்களையும் சிறு உறுப்புகளையும் துத்தநாகக் கலவையில் வார்த்தார்கள். அந்தக் கலவையில் மிக அற்பமான அளவு காரீயம் கலந்துவிட்டாலும், உலோகத்தின் நுண்மணிகளுக்கு இடையே அரிப்பு புகுந்து, வார்ப்பு உப்பி, வெடித்து, கடைசியில் கையில் பொடியாகிறது. நியூஜெர்ஸி துத்தநாகக் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் 1920-களில் இதன் காரணத்தைக் கண்டறிந்து, மிகச் சுத்தமான துத்தநாகத்தில் புதிய கலவையையும் கொண்டுவந்தார்கள். ஆனால் கழிவு உலோகம் கலந்த உருக்கும் சட்டிகள் பல தொழிற்சாலைகளில் இருந்தன. கம்பீரமான எலிஸபெத்தின் சக்கரங்களும் இந்த நோய்க்குத் தப்பவில்லை. இதற்குச் சிகிச்சை கிடையாது. புதிய வார்ப்புச் சக்கரங்களைப் பூட்டி, உடைந்த பழையவற்றைத் தனிப் பொட்டலத்தில் எஞ்சினோடு வைத்திருப்பதே செய்யத்தக்கது.

மின்சார ரயில் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை அவசியம். 1920-களில் வீட்டு மின்சாரத்தையே ஒரு விளக்கின் வழியாகக் குறைத்துத் தண்டவாளத்துக்கு விட்ட செட்டுகள் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் விற்பனையாயின. அவற்றின் தண்டவாளத்தைத் தொடுவது உயிருக்கே ஆபத்து. அவற்றை எந்தக் காரணத்தைக் கொண்டும் ஓட்டக் கூடாது. குறைந்த வோல்ட் ரயில்களிலும், பழைய டிரான்ஸ்ஃபார்மரின் கம்பியுறை பொடிந்திருக்கும். அதைக் காட்சிக்கு வைத்துவிட்டு, தானே துண்டித்துக்கொள்ளும் புதிய டிரான்ஸ்ஃபார்மரை உபயோகிப்பதே விவேகம்.

ஓட்டினால் தேயுமே என்று கேட்கலாம். தேயும், ஆனால் ஓடாமல் நின்றாலும் எண்ணெய் இறுகி, முறுக்கோடு விட்ட வில் சோர்ந்து, ஈரம் துருவாக மாறிக்கொண்டுதான் இருக்கும். இங்கிலாந்தில் பிரைட்டன் ரயில் நிலையத்தின் வளைவுகளுக்கு அடியில் 1991-இல் திறந்த பொம்மை அருங்காட்சியகத்தில், 1930-களின் 0 அகல ரயில்களைக் குறிப்பிட்ட நாட்களில் பொதுஜனங்களுக்கு முன் ஓட்டிக் காட்டுகிறார்கள். வளைவில் சக்கரம் எழுப்பும் தகரச் சத்தமும், வில் தளரத் தளர எஞ்சின் மெதுவாகும் விதமும் எந்தப் புகைப்படத்திலும் வருவதில்லை. அந்தச் சத்தமும் அந்த நடையும் செய்தவர்கள் திட்டமிட்டுக் கொடுத்தவை. அலமாரியில் பூட்டியவர் அவற்றை இழந்தே நிற்கிறார்.

ஆகவே இத்தகைய ரயில் ஒன்று யார் கைக்கு வந்தாலும், அவரிடம் வேண்டிக்கொள்வது இவ்வளவுதான்: வர்ணத்தை விட்டுவிடுங்கள், யந்திரத்துக்கு எண்ணெய் கொடுங்கள், எதை மாற்றினீர்கள், எப்போது மாற்றினீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி, கழற்றிய பழைய துண்டுகளோடு பெட்டிக்குள் வையுங்கள், மாதத்துக்கு ஒரு தடவையாவது, அரை முறுக்கு கொடுத்து, சமமான பாதையில் சற்று நேரம் ஓடவிடுங்கள்.